துராத்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு: பாறுகள் எழும் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

மாட்ரிட் போகிறவர்கள் தோலேதோ, செகோவியா என்று இரண்டு ஊர் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். தப்பில்லை, இரண்டும் நல்ல ஊர்கள்தான். ஆனால் கையில் இரண்டு நாளும் ஒரு காரும் இருந்தால், வடக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் செகோவியா மாகாணத்துக்குள்ளேயே இன்னொரு இடம் இருக்கிறது. கோதுமை வயலும் கற்காடுமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலம் ஓரிடத்தில் சட்டென்று பிளந்துகொள்ளும். எட்டிப் பார்த்தால் நூறு மீட்டருக்குக் கீழே பச்சையாக ஆறு வளைந்து போகும், அதற்கும் உங்களுக்கும் நடுவில் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வட்டமிட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் அவற்றின் முதுகைப் பார்ப்பீர்கள். பறவையின் வயிற்றையே பார்த்துப் பழகிய நமக்கு அது கொஞ்சம் தலைசுற்றுகிற காட்சிதான்.

இடத்தின் பெயர் ஓசெஸ் தெல் ரியோ துராத்தோன். 'ஓஸ்' என்றால் அரிவாள், ஆறு அரிவாள் மாதிரி வளைந்து வளைந்து பாறையை அறுத்த பள்ளத்தாக்குகளுக்கும் ஸ்பானியர்கள் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் முதலில் ஒரு ஹகரம் இருக்கும், அதைச் சொல்லிவிடாதீர்கள், ஸ்பானியத்தில் அதற்கு ஓசை கிடையாது. 1989இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, பரப்பு ஏறக்குறைய 5,000 ஹெக்டேர். செப்பூல்வெதா என்ற பழைய ஊரில் தொடங்கி பூர்கோமியோதோ அணைக்கட்டு வரை சுமார் 25 கிலோமீட்டருக்கு ஆறு சுண்ணாம்புப் பாறைக்குள் நெளிகிறது.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பாறுதான். எந்த மாதம் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பாதை திறந்திருக்கும், எங்கே வாயை மூடிக்கொண்டு நடப்பது, எல்லாமே. அதைப் புரிந்துகொண்டால் இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பெருந்திரளாக இருப்பது பூய்த்ரே லெயோனாதோ, அதாவது சிங்க நிறத்துப் பாறு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இணைகள் இந்தப் பாறைச் சுவர்களில் கூடு கட்டுகின்றன, ஐரோப்பாவின் பெரிய கூட்டங்களில் இது ஒன்று. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் வரும், எடை எட்டு ஒன்பது கிலோ. இவ்வளவு கனத்தை இறக்கையடித்துத் தூக்குவது அதற்குக் கட்டுப்படியாகாது. வெயிலில் பாறை சூடாகி வெப்பக்காற்று மேலெழும் வரை விளிம்பில் உட்கார்ந்திருக்கும், காற்று எழுந்ததும் இறக்கையை விரித்து அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பாடம் என்னவென்றால், விடியற்காலையில் அலாரம் வைக்க வேண்டாம். பறவை பார்ப்பது என்றாலே ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. முதல் தடவை நானும் அப்படித்தான் ஏழரை மணிக்கே பாறை விளிம்பில் போய் நின்றேன். குளிரில் மூக்கு ஒழுகியதுதான் மிச்சம், எதிர்ச் சுவரில் அவை தோளைக் குறுக்கிக்கொண்டு மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருந்தன. பத்து மணிக்கு மேல்தான் ஒன்று எழுந்தது. அது வட்டமிட்டு மேலே போவதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் ஐந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை, திரும்பவும் மாலையில் அவை அடையும் நேரம், இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்னொரு பறவையையும் தேடுங்கள். அளவில் சிறியது, உடல் அழுக்கு வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். இங்கே அலிமோச்சே என்கிறார்கள். நமக்கு இது அந்நியம் இல்லை. திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே மஞ்சள்முகப் பாறுதான். அங்கே அவை வருவது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே மார்ச் மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கி, செப்டம்பர் வாக்கில் திரும்பிப் போகின்றன. ஊரில் பார்க்கக் கிடைக்காத திருக்கழுக்குன்றத்துப் பறவையை ஸ்பெயினின் காஸ்தீயா வட்டாரத்துப் பாறையில் பார்ப்பது ஒரு விசித்திரமான சந்தோஷம்.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை முதல் தேர்வு. மேலே கற்காட்டில் தைம் செடி பூத்து, மிதிக்கிற இடமெல்லாம் மணக்கும். கூட்டில் குஞ்சு இருக்கும், அலிமோச்சேயும் வந்திருக்கும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அடுத்த தேர்வு, ஆற்றோரப் பாப்லர் மரங்கள் மஞ்சளாக மாறி, மேலிருந்து பார்த்தால் ஆறு போகும் வழியெல்லாம் கோடு போட்டது மாதிரி தெரியும், ஆனால் அலிமோச்சே கிளம்பிப் போயிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் பகல் வெயிலை நம் ஊர் வெயில்தானே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மேலே நிழல் என்பதே இல்லை. குளிர்காலம் கடுமை. செப்பூல்வெதா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். அதே சமயம் ஜனவரி, பிப்ரவரியில்தான் பாறுகள் முட்டையிடுகின்றன, சுள்ளி கவ்விக்கொண்டு போவதைப் பார்க்க ஆசையிருந்தால் கம்பளியை அள்ளிக்கொண்டு போகலாம்.

முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வார இறுதியில் மாட்ரிட்காரர்கள் வறுத்த ஆட்டுக்குட்டி சாப்பிடக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது.

அனுமதிச் சீட்டு: இதைப் படிக்காமல் போகாதீர்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஜனவரி 1 முதல் ஜூலை 31 வரை பள்ளத்தாக்கின் உள்பகுதிக்குள் நடக்கவோ படகில் போகவோ முன் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. காரணம் எளிது. இந்தப் பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஐம்பது நாளுக்கு மேல் அடைகாக்கும், பொரித்த குஞ்சு பறக்க இன்னும் நாலு மாதம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஜனவரியில் ஆரம்பித்தால் ஜூலையில் வந்து நிற்கும். நடுவில் ஒரு கூட்டம் கீழே நின்று கூச்சல் போட்டுத் தாய்ப் பறவை எழுந்து போய்விட்டால், அந்த இணைக்கு அந்த வருடம் அவ்வளவுதான், இன்னொரு முட்டைக்கு நேரம் இல்லை.

அனுமதி தருவது செப்பூல்வெதாவில் இருக்கும் பூங்கா இல்லம், 'காசா தெல் பார்க்கே' என்று கேளுங்கள். சந்தியாகோ என்ற பழைய தேவாலயத்துக்குள்ளேயே அதை அமைத்திருக்கிறார்கள். இளவேனில் வார இறுதிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது, நேரில் போய் நின்றால் தீர்ந்துவிட்டது என்ற பதிலும் வரலாம். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இந்தக் கெடுபிடி இல்லை. கீழே சொல்லப்போகும் சான் ஃப்ருத்தோஸ் மடத்துக்கும் ஊரைச் சுற்றியுள்ள நடைக்கும் எந்த மாதத்திலும் அனுமதி தேவையில்லை, ஆகவே சீட்டு கிடைக்கவில்லையே என்று பயணத்தை ரத்து செய்துவிட வேண்டாம்.

போய்ச் சேர்வது

கார் இல்லாமல் இந்த இடம் சரிப்படாது, நேராகச் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் செப்பூல்வெதா வரை எப்படியாவது வந்துவிடலாம், ஆனால் அங்கிருந்து பாறை விளிம்புக்குப் போக எதுவும் கிடைக்காது. மாட்ரிட்டில் வாடகைக் கார் எடுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் பத்திரமும் வேண்டும், கிளம்பும் முன் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு, முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் மனசு இடப்பக்கம்தான் போகும். பக்கத்தில் இருப்பவரை 'வலது, வலது' என்று சொல்லிக்கொண்டே வரச் சொல்லுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மாட்ரிட்டிலிருந்து ஏ-1 நெடுஞ்சாலையில் பூர்கோஸ் திசையில் வடக்கே போக வேண்டும். சோமோசியேரா கணவாய் வரும், துராத்தோன் பிறப்பது அந்த மலையில்தான். ஆறு அங்கிருந்து இறங்கி, இந்தப் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு போய், பெஞ்ஞாஃபியெல் ஊருக்கருகே துவேரோ ஆற்றில் கலக்கிறது. கணவாயைத் தாண்டி இறங்கியதும் இடப்பக்கம் செப்பூல்வெதாவுக்குப் பலகை இருக்கும். மொத்தம் 125 கிலோமீட்டர் சொச்சம். செகோவியா நகரிலிருந்து வந்தால் அதில் பாதிதான். பெட்ரோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்பிவிடுங்கள், உள்ளே போனால் பம்பும் ஏடிஎம்மும் அரிது.

முதல் நாள் மாலை: ஊரும் சின்ன நடையும்

மதியத்துக்கு மேல் செப்பூல்வெதா வந்து சேருங்கள், இரவு அங்கேயே தங்குங்கள். ஒரே நாளில் மாட்ரிட்டிலிருந்து வந்து திரும்பலாமா என்றால் திரும்பலாம், ஆனால் காலை பத்து மணிக்காட்சியும் மாலை அடையும் காட்சியும் இரண்டும் வேண்டுமென்றால் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும்.

ஊர் ஒரு குன்றின் மேல், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது. 1076இல் ஆறாம் அல்ஃபோன்சோ மன்னர் இந்த ஊருக்கு உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அப்போது இது முஸ்லிம் ஆட்சிப் பகுதிக்கு எதிரான எல்லை, வந்து குடியேறுகிறவர்களுக்குச் சலுகை கொடுத்தால்தான் ஆள் வரும். உச்சியில் எல் சல்வதோர் தேவாலயம், கல்வெட்டில் 1093 என்ற ஆண்டு இருக்கிறது. அதன் தூண் வரிசைத் தாழ்வாரத்தைப் பாருங்கள், காஸ்தீயாவில் இந்த வகைத் தாழ்வாரங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. நம் ஊர்த் திண்ணை மாதிரிதான் அது, பூசை முடிந்து வெளியே வந்து ஊர்ப் பேச்சுப் பேச ஓர் இடம்.

வெயில் தாழ்ந்ததும் 'இரண்டு ஆறுகள் பாதை' என்று பெயர் வைத்திருக்கும் வட்டப் பாதையில் நடங்கள். சென்தா தே லோஸ் தோஸ் ரியோஸ். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். பழைய மதில் வாசலான புவெர்த்தா தே லா ஃபுவெர்சா வழியாக இறங்கினால் தல்கானோ என்ற கல்பாலம் வரும், ரோமானியர் காலத்து அடித்தளம் கொண்டது என்கிறார்கள். இங்கே ஆற்றைக் கிட்டத்தில் பாருங்கள். அகலம் அதிகமில்லை, நம் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இந்தத் தண்ணீரா அந்தப் பாறையை அறுத்தது என்று சந்தேகமே வரும். டைனோசர் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்பு அது, கரைந்துகொடுக்கும் கல். தண்ணீருக்கு அவகாசமும் இருந்தது. இன்னொரு ஆறான கஸ்லீயாவின் கரையோடு சுற்றித் திரும்பவும் ஊருக்குள் ஏற வேண்டும். கடைசி ஏற்றம் மூச்சு வாங்கும்.

ஆகஸ்ட் 23 இரவு அங்கே இருக்க நேர்ந்தால், சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள சான் பார்த்தொலொமே தேவாலயப் படிகளுக்குப் போங்கள். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சிவப்பு உடுப்புப் போட்ட குட்டிச் சாத்தான்கள் துடைப்பத்தோடு இறங்கி வந்து கூட்டத்தை மொத்தும். அடி வலிக்காது, ஆனால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை: சான் ஃப்ருத்தோஸ்

ஒன்பது மணிக்குக் காலை உணவு. ஒன்பதரைக்குக் கிளம்பி வியாசேக்கா என்ற சிற்றூருக்குப் போங்கள். ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும், நாலைந்து கிலோமீட்டர் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். சாதாரணக் கார் போதும், ஆனால் மழை பெய்த மறுநாள் மெதுவாகப் போங்கள். ஒரு தடவை வேறு வழியைக் காட்டிய கைபேசி வரைபடத்தை நம்பி நான் உழவு வயலின் ஓரத்தில் போய் நின்றிருக்கிறேன், டிராக்டரில் வந்த பெரியவர் ஒன்றும் பேசாமல் கையைத் தூக்கிப் பின்னால் காட்டிவிட்டுப் போனார். பலகையை நம்புங்கள்.

பாதை முடிவில் கார் நிறுத்துமிடம். அங்கிருந்து நடை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, இருபது இருபத்தைந்து நிமிடம். தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. வெறும் கல், அங்கங்கே ஜூனிபர் மரங்கள், தரையோடு ஒட்டிய முட்செடிகள். வசந்தத்தில் கீழே எங்கோ ஒரு சின்ன வானம்பாடி குரல் கேட்கும். இந்த மேட்டு நிலத்தில் அலோந்த்ரா ரிகோத்தி என்ற அரிய வானம்பாடி இருக்கிறது, அதைப் பார்ப்பது குதிரைக் கொம்பு, கேட்டாலே அதிர்ஷ்டம். பாதையை விட்டு விலகாதீர்கள், அது தரையில் கூடு கட்டும் பறவை.

அப்புறம் ஒரு திருப்பத்தில் நிலம் முடிந்துவிடும்.

ஆறு இங்கே கொண்டை ஊசி மாதிரி வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொள்ள, நடுவில் நாக்கு போல நீட்டிய பாறையின் நுனியில் ஒரு மடம். சான் ஃப்ருத்தோஸ் என்ற துறவி தம்பி வலெந்தீனோடும் தங்கை எங்கிராசியாவோடும் செகோவியாவில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து குடியிருந்தார் என்பது வரலாறு, 715இல் இறந்தார் என்கிறார்கள். மூர் படை, அதாவது முஸ்லிம் படை, துரத்தி வந்தபோது கைத்தடியால் தரையில் ஒரு கோடு கிழித்தார், பாறை பிளந்து அவர்களால் தாண்ட முடியாமல் போனது என்பது கதை. அந்தப் பிளவுக்கு லா குச்சியாதா, கத்தி வெட்டு, என்று பெயர். மடத்துக்குப் போக அதன் மேல்தான் ஒரு சின்னக் கல்பாலத்தைத் தாண்டுவீர்கள். பாலம் 1757இல் கட்டியது, அதுவரை ஆட்கள் எப்படிக் கடந்தார்களோ.

இப்போதைய தேவாலயம் 1100இல் புனிதப்படுத்தப்பட்டது. சின்னது, மொட்டையானது, அழகு பண்ண யாரும் முயலவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். பின்பக்கம் போங்கள், பாறையிலேயே மனித உருவ அளவுக்குக் குடைந்த கல்லறைக் குழிகள் இருக்கின்றன, தலைக்குத் தனியாக வட்டம் செதுக்கியது. மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு குழியில் வானம் தெரிந்தது, அதில் ஒரு பாறு கடந்து போனது. கணவன் சந்தேகப்பட்டுப் பாறையிலிருந்து தள்ளிவிட, துறவியைக் கூப்பிட்டு உயிர் பிழைத்த ஒரு பெண்ணின் கதையும் இந்த இடத்துக்கு உண்டு, 1225இல் நடந்ததாகச் சொல்வார்கள்.

இப்போது பாறை விளிம்பு. தடுப்பு பெரும்பாலும் கிடையாது, இருக்கும் இடத்திலும் முழுதாக இல்லை. குழந்தை இருந்தால் கையை விடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலில் எதிர்ச் சுவரைப் பாருங்கள், வெள்ளைச் சுண்ணாம்பு ஒழுகிய மாதிரி கோடு கோடாகத் தெரியும் இடங்கள்தான் கூடுகள், எச்சம் வழிந்த தடம். அந்தக் கோட்டின் மேல்முனைக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோனால் திட்டில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு உத்தி தெரிந்தால் பத்து நிமிடத்தில் இருபது கூடு பிடித்துவிடலாம்.

பிறகு காத்திருங்கள். ஒன்று கீழிருந்து சுற்றிக்கொண்டே ஏறி உங்கள் கண்மட்டத்துக்கு வரும். இறக்கை நுனியில் விரல்கள் மாதிரி பிரிந்த இறகுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்துகொடுப்பது தெரியும். பக்கத்தில் கடக்கும்போது தலையை மட்டும் திருப்பி உங்களை ஒரு பார்வை பார்க்கும். அந்த நொடியில் ஒரு சத்தம் கேட்கும், யாரோ பட்டுத்துணியை நீளமாக இழுப்பது போல. இறகுகளுக்கு இடையே காற்று போகும் சத்தம் அது. வீடியோவில் இது வராது, ஆகவே கைபேசியை ஐந்து நிமிடம் பைக்குள் வையுங்கள்.

அக்டோபர் 25 சான் ஃப்ருத்தோஸ் திருநாள், சுற்று ஊர் மக்களெல்லாம் இங்கே யாத்திரையாக வருவார்கள். அவர் செகோவியா மறைமாவட்டத்தின் பாதுகாவலர், அவருக்குச் செல்லப் பெயர் பஹரேரோ, பறவைக்காரர். கூட்டம் பிடிக்குமென்றால் அன்றைக்கே போங்கள்.

மதியச் சாப்பாடு

இரண்டு மணிக்கு முன் உணவகத்தில் உட்கார்ந்தால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள், நாலு மணிக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். செப்பூல்வெதாவின் பெருமை லெச்சாசோ, பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டி. மண் தட்டில் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டு விறகு அடுப்பில் மணிக்கணக்கில் வாட்டுவார்கள். மசாலா ஒன்றும் கிடையாது. மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே முள்கரண்டி பட்டாலே கழன்று வரும். கால் ஆடு என்ற கணக்கில்தான் கொண்டுவருவார்கள், இரண்டு பேருக்குத் தாராளம். தொட்டுக்கொள்ள ரொட்டியும் பச்சைக்கீரைச் சாலடும். மிளகாய்ப்பொடி பையில் இருக்கிறதே என்று எடுத்துத் தூவிவிடாதீர்கள், முதல் நாலு வாய் அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் கஷ்டம்தான், பூசி மெழுக விரும்பவில்லை. 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டாலும் பூண்டு சூப்பில் ஹமோன் என்ற பன்றித் தொடைத் துண்டு மிதக்கும், மொச்சை மாதிரி பெரிய வெள்ளை அவரைக் குழம்பில் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் சொரிசோ' என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆம்லெட்டும் உருளைக்கிழங்கும் கட்டாயம் கிடைக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் தங்குமிடத்தில் அடுப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள், மாட்ரிட்டிலேயே அரிசி பருப்பு வாங்கி வந்துவிடுங்கள்.

ஆற்றோடு போவது: நடையா, படகா

மேலிருந்து பார்த்தாயிற்று. கீழே இறங்கிப் பார்க்க இரண்டு வழி.

ஒன்று நீண்ட பாதை, சென்தா லார்கா. தல்கானோ பாலத்திலிருந்து வியாசேக்கா பாலம் வரை ஆற்றங்கரையோடு ஒருவழிக்கே பத்து கிலோமீட்டருக்கு மேல். முதல் ஏழு மாதம் அனுமதி கட்டாயம் என்று சொன்னது இதற்குத்தான். பாதை சமதளம்தான், ஆனால் மறுமுனையிலிருந்து ஊருக்கு வண்டி கிடையாது. இரண்டு கார் இருந்தால் ஒன்றை அங்கே விட்டுவிடலாம், இல்லையென்றால் பாதி தூரம் போய்த் திரும்புங்கள், காட்சி பாதியிலேயே கிடைத்துவிடும். மேலே வறண்ட கற்காடு, கீழே வில்லோ, ஆல்டர், பாப்லர் மரங்களின் நிழல், வெப்பநிலையே மாறும். அண்ணாந்து பார்த்தால் காலையில் முதுகு காட்டிய பறவைகள் இப்போது வயிறு காட்டும். பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் குரல் எதிரொலித்துக்கொண்டே போகும், நீங்கள் அடிக்கும் ஒரு கூக்குரல் இருபது கூட்டுக்குக் கேட்கும்.

நீண்ட நடை வேண்டாம் என்பவர்கள் காரிலேயே வியாசேக்கா பாலத்துக்கு இறங்கலாம். பக்கத்திலேயே ஏழு பலிபீடக் குகை, பாறையைக் குடைந்து செய்த சிற்றாலயம், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளின் காலத்தது. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று படகு. கயாக் வாடகைக்கு விடுபவர்கள் சுற்று ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: எந்த நீர்த்தேக்கத்தில்? பூர்கோமியோதோ என்றால் நீங்கள் நினைத்து வந்த இடம், சான் ஃப்ருத்தோஸ் பாறையைக் கீழிருந்து பார்ப்பீர்கள், லா ஓஸ் என்ற பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடும் கரையில் தெரியும். ஸ்பெயின் அரசு 19ஆம் நூற்றாண்டில் மடச் சொத்துகளைக் கைப்பற்றியபோது துறவிகள் வெளியேறி, அப்படியே இடிந்துபோன கட்டடம் அது. லாஸ் வென்சியாஸ் என்றால் அது இன்னும் கீழே உள்ள வேறொரு அணை, அழகுதான், ஆனால் நீங்கள் படங்களில் பார்த்த இடம் அது இல்லை. சான் மிகேல் தே பெர்னுய் ஊரிலிருந்து கிளம்பும் படகுகள் பல இந்த வகை. விளம்பரத்தில் இரண்டுக்கும் 'துராத்தோன்' என்றுதான் போட்டிருக்கும்.

படகில் போகும்போது தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது அணை தேக்கிய தண்ணீர். ஓடுகிற ஆறு வேண்டுமென்றால் தல்கானோவுக்கும் வியாசேக்காவுக்கும் நடுவில்தான். காட்டாறு என்று சுற்றுலாப் புத்தகங்கள் முழுப் பள்ளத்தாக்கையும் சொல்வது கொஞ்சம் கூடுதல்.

பையில் என்ன

8×42 தொலைநோக்கி ஒன்று, குடும்பத்துக்கு ஒன்றாவது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மேலே எங்கும் குழாய் கிடையாது. தொப்பி பறந்துவிடாமல் கட்டும் கயிறுடன். செருப்பு வேண்டாம், சுண்ணாம்புக் கல் கூர்மை, கணுக்கால் பிடிக்கும் ஷூ போடுங்கள். ஜூன் மாதமானாலும் காலைக்கு ஒரு ஜாக்கெட். பள்ளத்தாக்குக்குள் கைபேசிச் சிக்னல் வந்து வந்து போகும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

டிரோனைக் கொண்டுபோகாதீர்கள். அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது, அதைவிட முக்கியம் பாறு அதை எதிரியாக நினைத்துக் கூட்டைவிட்டு எழும். கூடாரம் போடுவது, நெருப்பு மூட்டுவது, கீழே கல் உருட்டிவிடுவது எல்லாமே கூடாது. கடைசியாகச் சொன்னதைப் பெரியவர்களே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பறவைகள் இன்னும் இருப்பது எப்படி

மதியம் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க ஒரு விஷயம். இந்தப் பாறுகள் உயிரோடிருப்பது ஆடு மாடு வளர்க்கும் கிராமங்களால்தான். செத்த கால்நடையை ஊருக்கு வெளியே முலாதார் என்ற மேட்டில் போட்டுவிடுவார்கள், பாறுகள் முடித்துக்கொடுக்கும். மாட்டுப் பித்து நோய்ப் பயத்தில் 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அப்படிப் போடுவதைத் தடுத்தபோது பறவைகள் பட்டினி கிடந்தன, பிறகு விதியைத் தளர்த்தினார்கள். நம் நாட்டில் நடந்தது வேறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்து, வெண்முதுகுப் பாறு போன்றவற்றை ஏறக்குறைய துடைத்தே எடுத்துவிட்டது. 2006இல் இந்தியா அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. தமிழ்நாட்டில் இப்போது முதுமலை, மாயாறு பக்கம்தான் மிச்சம். இத்தனையும் தெரிந்த பிறகு 2013இல் ஸ்பெயின் அதே மருந்தைக் கால்நடைக்கு அனுமதித்தது. இங்கே வானம் நிறையப் பாறுகளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருவது பொறாமை, அடுத்து இந்தச் செய்திதான்.

மாலை

கிளம்பும் முன் இன்னொரு தடவை பாறை விளிம்புக்கு வாருங்கள். சான் ஃப்ருத்தோஸ் வரை திரும்ப நடக்க முடியாவிட்டால் வழியில் கிடைக்கும் ஏதாவது ஒரு விளிம்பு போதும். சூரியன் இறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பாறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். சில நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்த் தேடிவிட்டு வருபவை. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இறக்கையை வளைத்து, திட்டில் தப்பென்று இறங்கும். இடத்துக்குச் சண்டை, கொறகொற என்று ஒரு சத்தம். சாம்பல் நிறப் பாறை அந்த நேரத்தில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கும்.

இருட்டிய பின் மண்பாதையில் முயலும் மானும் குறுக்கே வரும், இருபதுக்கு மேல் வண்டியை விரட்டாதீர்கள். ஊருக்குத் திரும்ப ஒன்பதரை ஆகிவிடுமே என்று கவலை வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு இலை போடுவதே அப்போதுதான்.